பின்னலைப் பிரித்த தலைக்குத் தண்ணீர் காட்டும் முன்

என் அக்கா மகளுக்கு அப்பா வழி முடி. ஆப்பிரிக்க வம்சாவளி முடி. ஒவ்வோர் இழையும் பேனா ரீஃபிலில் சுற்றிக் கழற்றிய கம்பிபோல நெருக்கமாகச் சுருண்டிருக்கும். அதைத் தினமும் வாரிக்கொண்டிருந்தால் முடியும் தாங்காது, வாருகிற கையும் தாங்காது. அதனால் தலை முழுக்கச் சிறு சிறு கட்டங்களாக வகிடெடுத்து, கட்டத்துக்கு ஒரு பின்னலாகப் போட்டு, சில வாரங்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். சில சமயம் சவுரி சேர்த்த மூன்று கால் பின்னல், சில சமயம் சொந்த முடியிலேயே இரண்டு கால் முறுக்கு. போட்டுவிடுவது அவளுடைய அத்தை. அந்தக் கை எனக்கு வராது. பிரிப்பது, சிக்கெடுப்பது, அலசுவது மூன்றும் என் பங்கு.

பின்னல் போடுவதைச் சொல்லித்தர எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். பிரித்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் "நல்லா ஷாம்பு போட்டு அலசிடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த தலை அவிழ்ந்ததும் அரிக்கும். நேரே ஷவருக்கு அடியில் போய் நிற்கத்தான் தோன்றும். முடி சிக்கிச் சடை பிடிப்பது அங்கேதான். உதிர்ந்த முடி முழுக்க வெளியே வரும்வரை ஷாம்புவும் கூடாது, தலை நனையத் தண்ணீரும் கூடாது. இந்த வரிசையை மட்டும் நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை. மற்றதில் எல்லாம் அவரவர் வசதிக்கு இடம் இருக்கிறது.

உதிர்ந்தது எங்கே போகும்?

நம் எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. தலையணையில் கொஞ்சம், சீப்பில் கொஞ்சம், குளியலறைச் சல்லடையில் கொஞ்சம் என்று போய்விடுவதால் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. பின்னல் போட்ட தலையில் அதற்கு வழி கிடையாது. வேரிலிருந்து கழன்ற முடி பக்கத்து முடிகளோடு பின்னலுக்குள்ளேயே கிடக்கும். ஆறு வாரம் என்றால் 42 நாள். பெருக்கினால் 2,100-லிருந்து 4,200 வரை வருகிறது. பிரிக்கிற அன்று அத்தனையும் ஒரே தவணையில் கைக்கு வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பாதி முடி போய்விட்டது என்று பயந்துபோவது இதனால்தான். தலையில் மொத்தம் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது என்பதைச் சொன்னால் கொஞ்சம் அடங்குவார்கள்.

இந்தக் கழன்ற முடிதான் சிக்குக்கு மூல காரணம். பின்னலுக்குள் இருக்கும்வரை முடி இழுபட்டு நேராக நிற்கும். தண்ணீர் பட்டதும் என்ன ஆகிறது? முடிக்குள் தண்ணீர் புகுந்து இழை சுமார் 15 சதவீதம் வரை தடித்துவிடுகிறது. முடியின் வடிவத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் விட்டுப்போகின்றன. உடனே ஒவ்வோர் இழையும் தன் பிறவிச் சுருளுக்குத் திரும்பும். திரும்புகிற வேகத்தில் பக்கத்தில் தளர்வாகக் கிடக்கிற கழன்ற முடியையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். போதாததற்கு, ஈரத்தில் முடியின் மேல்தோல் செதில்கள் தூக்கிக்கொண்டு ஒன்றோடொன்று மாட்டும். அதன்மேல் ஷாம்பு ஊற்றி இரண்டு கையாலும் பிசைந்தால் கம்பளி நெய்யாமலே கம்பளி ஆகிவிடுகிறது. அப்புறம் கத்தரிக்கோல்தான்.

நேரான முடிக்கு இந்தப் பாடு இல்லை. அதன் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டம். இந்தச் சுருள் முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம். தோலுக்கு அடியில் வேர்ப்பையே வளைந்துதான் இருக்கிறது. திரும்புகிற ஒவ்வொரு வளைவிலும் இழை கொஞ்சம் பலவீனம். உச்சந்தலையில் ஊறுகிற எண்ணெயும் அத்தனை வளைவையும் தாண்டி நுனிவரை இறங்காது. ஆகவே வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி. ஒரே முடியின் இரண்டு முனைக்கும் இரண்டு வைத்தியம் தேவைப்படுகிறது.

பிரித்தல்

தேவையான சாமான் அதிகமில்லை. முனை மழுங்கிய கத்தரிக்கோல், வால் சீப்பு, பற்கள் நன்றாக விலகிய அகலச் சீப்பு, ஸ்ப்ரே பாட்டில், பெரிய கிளிப்புகள், வழுவழுப்பான கண்டிஷனர் ஒரு பெரிய புட்டி, கழிவு முடி போட ஒரு பை. உட்காருகிறவளுக்கு முதுகு சாய்க்க ஒரு நாற்காலியும், பார்க்க ஏதாவது ஒரு நீளமான படமும். இது ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடிக்கிற வேலை. அவசரம் இருக்கிற நாளில் தொடவே வேண்டாம்.

சவுரியை முதலில் வெட்டிக் குறைத்துக்கொள்வேன். பெரும்பாலான செயற்கைச் சவுரி மோடாக்ரிலிக் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக் இழை. பின்னி முடித்ததும் நுனியைக் கொதிநீரில் முக்கி இறுகச் செய்திருப்பார்கள். அந்த நுனியிலிருந்து அவிழ்க்க முயல்வது வீண் வேலை. ஆனால் எங்கே வெட்டுவது? பின்னலை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பருமன் சட்டென்று குறைவது தெரியும். சொந்த முடி அங்கே முடிகிறது. அதற்கும் நாலு விரற்கடை கீழே வெட்டுகிறேன். சவுரியும் கறுப்பு, முடியும் கறுப்பு என்றால் கண்ணை நம்பாமல் விரலைத்தான் நம்ப வேண்டும். முடி ஒரே நீளமாக வளர்வதில்லை. உச்சியில் பார்த்த அளவைப் பிடரியில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெட்டிய பிறகு வால் சீப்பின் வாலைப் பின்னலின் கீழ்க் கண்ணியில் நுழைத்து, ஒவ்வொரு கண்ணியாக நெகிழ்த்தி மேலே ஏறலாம். பாதி தூரம் போனதும் வாலே தேவைப்படாது, விரல் போதும். வேருக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். சவுரி கையோடு வருகிறது என்று பிடித்து இழுத்தால் அதோடு சேர்ந்து வருவது சொந்த முடி.

பலர் பிடரியில் தொடங்கி முன்னால் வருவார்கள். நான் நெற்றியோரத்தில்தான் தொடங்குகிறேன். அங்கே முடி மெலிசு, சின்னத் தவறுக்கும் அறுந்துவிடும். கையும் பொறுமையும் புதிதாக இருக்கும் நேரத்தை அதற்குக் கொடுத்துவிட வேண்டும். பிடரி முடி முரடு. களைத்த கையையும் மன்னிக்கும்.

இதைவிட முக்கியம், எல்லாப் பின்னலையும் ஒரேயடியாக அவிழ்த்துப் போடாமலிருப்பது. நாலைந்து பின்னல் பிரித்து, அந்தப் பகுதியைச் சிக்கெடுத்து, தளர்வான பெரிய முறுக்காகச் சுற்றிக் கிளிப் போட்டு ஓரம் தள்ளிவிட்டுத்தான் அடுத்த நாலைந்து. மொத்தமாக அவிழ்த்தால் காலையில் பிரித்த முடி சாயங்காலம் பக்கத்து முடியோடு புதுச் சிக்கு போட்டுவைத்திருக்கும்.

வேரில் கிடக்கும் சாம்பல் கட்டி

பின்னல் பிரிந்து வேருக்குப் பக்கத்தில் வந்ததும் ஒன்று தென்படும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே பழைய பின்னல் தொடங்கிய இடம் இப்போது உச்சந்தலையிலிருந்து சற்றே விலகி நிற்கும். சரியாக அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கட்டி. ஒவ்வொரு பின்னலிலும் ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கு, உதிர்ந்த தோல், தூசி, பின்னும்போது தடவிய ஜெல், தலையணைப் பஞ்சு எல்லாம் சேர்ந்து காய்ந்தது அது. பார்க்க அருவருப்பாக இருக்கும். சுத்தமில்லாத தலை என்று அர்த்தமில்லை. வாரா வாரம் உச்சந்தலையை நனைத்துத் துடைத்தவர்களுக்கும் வரும்.

அக்கா மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சித்தி, அது பேனா?" என்றாள்.

"பேன் இல்ல, அழுக்கு. தலையை ஆட்டாதே."

இந்தக் கட்டி இருக்கும்போது சீப்பைப் போட்டால் கட்டி அப்படியே முடியோடு இழுபட்டுக் கீழே இறங்கி, நடுவில் எங்கேயாவது முடிச்சாகி நின்றுவிடும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். கரைந்து பசையாகி, இரண்டு மூன்று பின்னலின் முடியைச் சேர்த்து ஒட்டிவிடும். அதனால் காய்ந்த நிலையிலேயே கையாள வேண்டும். கட்டிக்கு இருபுறமும் முடியைப் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாக விலக்கினால் நடுவில் விரிசல் விடும். பிறகு இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் பொடிப்பொடியாக உதிரும். நசுங்க மறுக்கிற கட்டிக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டு வரலாம். பொடி உச்சந்தலையில் விழும். விழட்டும், அதற்குத்தான் ஷாம்பு இருக்கிறது.

மேலே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் கட்டியைச் சுற்றித்தான் கழன்ற முடி அதிகமாகச் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். கட்டி உடைந்ததும் அந்த முடி தானாகத் தளர்ந்து, நுனியைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் முழு நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு வரும். வேலையில் எனக்குப் பிடித்த இடம் இது.

சிக்கெடுத்தல்

தண்ணீர் கூடாது என்றேன். ஆனால் சுத்தமாகக் காய்ந்த முடியையும் கோதக் கூடாது, ஒடியும். நடுவில் ஒரு நிலை இருக்கிறது. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரோடு கண்டிஷனரைத் தாராளமாகக் கலந்து, பால் பதத்தில் வைத்துக்கொள்கிறேன். பிரித்து, கட்டி எடுத்த பகுதியில் மட்டும் இரண்டு மூன்று தடவை அடித்து, கையால் நீவிவிட்டு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் கண்டிஷனரை நேராகத் தடவுகிறேன். சுருள் இன்னும் முழுக்கத் திரும்பியிருக்கக் கூடாது. தொட்டால் வழுக்க வேண்டும். அவ்வளவுதான் ஈரம்.

கண்டிஷனர் இங்கே என்ன செய்கிறது? அடிபட்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரிமோனியம், செட்ரிமோனியம் வகைச் சேர்மங்கள் நேர்மின் தன்மை உள்ளவை. அவை போய் ஒட்டிக்கொண்டு, கொழுப்பு வாலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இழைக்கும் இழைக்கும் நடுவில் உராய்வு குறைகிறது. புட்டியின் பின்புறம் இந்தப் பெயர்களில் ஒன்று பட்டியலின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். முன்புறத்தில் படம் போட்டிருக்கும் பழமும் பூவும் சிக்கை எடுக்காது.

எண்ணெய் மட்டும் போட்டுச் சிக்கெடுக்கிறவர்களும் உண்டு. பிரிப்பதற்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தடவுவதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வந்த ஆய்வு ஒன்று, அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்றது. அதிலுள்ள லாரிக் அமிலம் நேரான சிறு மூலக்கூறாக இருப்பதால் முடிக்குள் புகுகிறது என்பது விளக்கம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் வழுக்குத் தன்மையில் எண்ணெய் கண்டிஷனருக்கு ஈடாகாது. ஊறவைக்க எண்ணெய், சிக்குக்குக் கண்டிஷனர்.

முதலில் விரல். சீப்பு அப்புறம். விரலுக்கு முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியும், சீப்புக்குத் தெரியாது. நுனியிலிருந்து இரண்டு அங்குலம் கோதிவிட்டு, தடையில்லை என்றதும் இன்னும் இரண்டு அங்குலம் மேலே. முடிச்சுக்கு மேலே மறு கையால் முடியை இறுகப் பிடித்துக்கொண்டால் இழுவை வேர்வரை போகாது, வலிக்கவும் வலிக்காது. விரல் தடையில்லாமல் வேரிலிருந்து நுனிவரை போய்விட்டது என்றால் அகலச் சீப்பைக் கையில் எடுக்கலாம், அதுவும் கீழிருந்து மேலாகவே. பல் நெருங்கிய சீப்புக்கு இந்த வீட்டில் இந்தத் தலையில் வேலையே இல்லை.

வலது காதுக்குப் பின்னால் இரண்டு பின்னல் ஒன்றோடொன்று வேரிலேயே கலந்து கட்டியாகிவிட்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவள். தலையணை உராய்ந்து உராய்ந்து இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த வகிடே மறைந்துபோயிருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டிருந்ததைத் தொட்டுப் பார்த்ததுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சித்தி, வெட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

"இரு, படம் முடியட்டும். அதுக்குள்ள வந்துடும்."

இந்த மாதிரி மொத்தையை நுனிப் பக்கமிருந்து அணுகினால் நடக்காது, வேர்ப் பக்கமிருந்தும் நடக்காது. கண்டிஷனரை மொத்தை முழுக்கப் பிசைந்து, விரலால் அழுத்தி உள்ளே ஏற்றினேன். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு வேறு பகுதியைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது மேல்பரப்பு இளகியிருந்தது. இரண்டு கையின் கட்டைவிரலையும் மொத்தையின் நடுவில் வைத்து இடமும் வலமுமாக விலக்கியபோது, முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு இரண்டு மூன்று இழை நழுவியது. வால் சீப்பின் வாலை நடுவில் செருகி, ஓர் ஓரத்திலிருந்து நாலைந்து இழையாகத் தூக்கித் தூக்கி எடுத்தபோது உள்ளே ஒரு சாம்பல் கட்டி தெரிந்தது. இரண்டு பின்னலின் கட்டியும் சேர்ந்து ஒன்றாகியிருந்தது. அதை நசுக்கியதும் மொத்தை இரண்டாகப் பிளந்தது. அதற்கப்புறம் அது இரண்டு சின்னச் சிக்கு, அவ்வளவே. ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக்கி, நாலாக்கி எடுத்தாயிற்று. படம் முடியவில்லை, ஆனால் வில்லன் செத்திருந்தான்.

எடுத்த முடியை உடனே குப்பையில் போடாமல் ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். நீளமான இழை, ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் என்றால் அது தன் ஆயுள் முடிந்து உதிர்ந்த முடி, கவலையில்லை. குமிழே இல்லாமல் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று துண்டு துண்டாக இருந்தால் அது ஒடிந்தது. எங்கோ இழுத்திருக்கிறோம், அல்லது முடி வறண்டிருக்கிறது. துண்டு சேரச் சேர நான் கண்டிஷனரைக் கூட்டிக் கையின் வேகத்தைக் குறைப்பேன். இந்த முறை பெரும்பாலும் குமிழ் வைத்த முடிதான். துண்டுகள் வந்தது காதுக்குப் பின்னால் அந்த மொத்தையில் மட்டும்.

நுனிகளில் ஒற்றை இழையே தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். விரலில் மணல் நெருடுவது போலிருக்கும். அதை அவிழ்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். முடிச்சுக்குச் சற்று மேலே, முடி வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவதுதான் வழி.

ஒரே நாளில் முடியாவிட்டால் பரவாயில்லை. சிக்கெடுத்த பகுதிகளைப் பெரிய முறுக்குகளாகச் சுற்றி, வழுவழுப்பான துணியால் தலையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டு மறுநாள் அலசலாம். அவிழ்த்த முடியை விரித்துப் போட்டுத் தூங்குவது மட்டும் கூடாது.

அலசல்

அலசும்போதும் அந்த முறுக்குகளை அவிழ்ப்பதில்லை. தலையில் ஆறிலிருந்து எட்டு முறுக்கு இருக்கும். அதோடுதான் தண்ணீருக்கு அடியில் போகிறாள். நடுவில் தெரியும் உச்சந்தலைதான் அழுக்கு. முடியின் உடல் அல்ல.

பல வாரம் சேர்ந்த பிசுக்கைக் கிரீம் மாதிரி மென்மையான ஷாம்பு எடுக்காது. இந்த ஒரு நாளைக்கு மட்டும் சல்பேட் உள்ள, ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்பு வேண்டும். அதைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து, கூர் மூக்குப் புட்டியில் ஊற்றி, வகிடு வகிடாகத் தோலில் படும்படி பீய்ச்சுகிறேன். விரல் நுனியின் சதையால் தேய்க்க வேண்டும், நகத்தால் அல்ல. அதுவும் ஓரிடத்தில் அழுத்தி முன்னும் பின்னும் அசைக்க வேண்டும், வட்டமாகக் கலைக்கக் கூடாது. பின்னல் இழுத்த தோல் மென்மையாகிக் கிடக்கும். நுனிக்குத் தனியாகத் தேய்ப்பு கிடையாது. வழிகிற நுரையே அதற்குப் போதும்.

முதல் சுற்றில் நுரையே வராது. ஷாம்பு முழுவதும் எண்ணெயைப் பிடிப்பதில் செலவாகிவிடும். இரண்டாம் சுற்றில் நுரை பொங்கும். வழிகிற தண்ணீர் சாம்பல் நிறத்திலிருந்து தெளிகிறவரை அலச வேண்டும். முறுக்கைக் கையில் பிடித்து மேலிருந்து கீழாகப் பிழிந்து விடலாம், பிசையக் கூடாது.

சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போகத்தான் செய்யும். ஆனால் புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் கணக்கில் தோல் 5-ஐ ஒட்டி இருக்கிறது. சோடாக் கரைசல் 8-க்கு மேல். காரம் ஏற ஏற முடியின் செதில்கள் தூக்கும், அடுத்த சிக்குக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும். அதை நான் தொடுவதில்லை. வினிகர் எதிர்ப்பக்கம், ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி விட்டுக் கடைசியில் ஊற்றினால் செதில்கள் படியும் என்பார்கள். நல்ல கண்டிஷனரே புளிப்புப் பக்கம் சாய்ந்துதான் தயாரிக்கப்படுகிறது என்பதால் எனக்கு அது தேவைப்பட்டதில்லை. தோலில் கீறலோ புண்ணோ இருந்தால் வினிகர் எரியும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பு முடிந்ததும் முடி தொட்டால் கீச்சென்று சத்தம் போடும் அளவுக்கு வெறுமையாக இருக்கும். அப்படியே விடக் கூடாது. ஒவ்வொரு முறுக்காக அவிழ்த்து, கெட்டியான கண்டிஷனரை நுனியில் தாராளமாகவும் மேலே கொஞ்சமாகவும் தடவி, மறுபடி முறுக்கி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி அரை மணி நேரம். உடம்புச் சூடே போதும். இரவெல்லாம் போட்டுக்கொண்டு தூங்கினால் இன்னும் நல்லது என்ற நம்பிக்கையில் எனக்குப் பங்கில்லை. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறி ஊறித் தடித்த இழை காய்ந்து சுருங்கும்போது பலவீனம்தான் மிஞ்சுகிறது.

இரண்டாவது சிக்கெடுப்பு இந்தக் கட்டத்தில், முடி முழுக்க நனைந்து கண்டிஷனரில் மிதக்கும்போது. முதல் சுற்றை ஒழுங்காகச் செய்திருந்தால் இதில் வேலையே இருக்காது. அகலச் சீப்பு சும்மா இறங்கும். ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், அதனால் வலிமையாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நனைந்த முடியைத் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இழுக்கலாம். அதைத் தாண்டினால் பழைய நிலைக்குத் திரும்பாது. சீப்பு நின்ற இடத்தில் கையும் நிற்க வேண்டும்.

அலசி முடித்ததும் துண்டால் தேய்ப்பதற்குப் பதில் பழைய பருத்திச் சட்டையால் சுற்றி ஒற்றி எடுத்தோம். அலசாமல் அப்படியே விடுகிற லீவ்-இன் கண்டிஷனர் கொஞ்சம், அதன்மேல் ஈரம் பிடித்துவைக்க ஒரு துளி எண்ணெய், திரும்பவும் பெரிய முறுக்குகள். காய்ந்த பிறகு அவிழ்த்தால் சுருள் கொஞ்சம் நீண்டு நிற்கும். விரித்து விட்டபடியே காயவிட்டால் தோளைத் தொடும் முடி காதோடு நின்றுவிடும். சுருக்கம் அவ்வளவு. முடி வளரவே இல்லை என்று அவள் ஒரு காலத்தில் அழுததெல்லாம் இதைப் பார்த்துத்தான்.

நெற்றியோரம்

தலை காய்ந்த பிறகு நெற்றியோரத்தையும் காதோரத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே முடி கொஞ்சம் விலகித் தெரிந்தது; இரண்டு மூன்று வேர்களைச் சுற்றிச் சிறு சிவப்புப் புள்ளிகள். பின்னல் இறுக்கமாக இருந்திருக்கிறது, அல்லது சவுரியின் பாரம் மெல்லிய முடிக்கு அதிகமாகியிருக்கிறது. இறுக்கிக் கட்டுவதால் முடி கொட்டுவது புதுச் செய்தி இல்லை. கிரீன்லாந்துப் பெண்கள் உச்சியில் இழுத்துக் கட்டும் கொண்டையால் நெற்றியோரம் வழுக்கையாவதை 1907-இலேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வளர்ந்துவிடும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்ப்பை தழும்பாகிவிடும், பிறகு வளராது. சிவப்பும் வலியும் சில நாளில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

ஓரிரு வாரமாவது தலைக்கு ஓய்வு என்று முடிவாயிற்று. அதுவரை பெரிய முறுக்குகளே போதும். அடுத்த முறை முன் வரிசைக்குச் சவுரி சேர்க்க வேண்டாம், அங்கே கட்டங்களையும் பெரிதாக எடுங்கள் என்று அவளுடைய அத்தைக்குச் சொல்லி அனுப்பினேன். "சரி, ஆனா முன்னாடி மட்டும் குட்டையா தெரியுமே" என்று பதில் வந்தது. தெரியட்டும்.